கம்பி ஒன்று, கம்பெனி பத்து

"சித்தப்பா, இங்க கரண்ட்டுக்குக் கம்பெனியை நாமளே தேர்ந்தெடுத்துக்கலாமாம். ஆளாளுக்கு ஒரு விலை சொல்றாங்க. எதை எடுக்கட்டும்?"

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மகன் கேட்டான். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, குடும்பத்தை அழைத்துக்கொள்ளப் போகிறான். பேருந்து நிலையத்துப் பக்கம் டீக்கடையில் என்னோடு உட்கார்ந்திருந்த அண்ணனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் கரண்ட் என்றால் ஈபி. வீடு கட்டினால் ஈபி ஆபீசில் மனுப் போடுகிறோம். போஸ்ட்டிலிருந்து சர்வீஸ் ஒயர் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், கட்டுகிறோம். "இதுல தேர்ந்தெடுக்க என்னடா இருக்கு?" என்றார்.

நிறைய இருக்கிறது. ஆனால் அது நாம் நினைக்கும் இடத்தில் இல்லை.

கம்பெனி மாறினால் கம்பி மாறாது, முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் கேபிளும் மீட்டரும் எஸ்பி குழுமத்தின் பொறுப்பு. எந்தக் கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டாலும் அதே கேபிளில் அதே கரண்ட்தான் வரும். விளக்கு கூடுதல் வெளிச்சம் தராது. கரண்ட் போனால் சரிசெய்ய வருவதும் அதே எஸ்பி ஆட்கள்தான். நம் ஊர் வழியே போகும் திருச்சி நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். சாலை ஒன்று, செங்குறிச்சி டோலும் ஒன்று. அதில் அரசு பஸ்ஸும் ஓடுகிறது, ஆம்னி பஸ்ஸும் ஓடுகிறது, டிக்கெட் விலையை அவரவர் வைக்கிறார்கள். மின் சந்தையைத் திறந்துவிட்ட நாடுகளில் நடப்பதும் இதுதான். கம்பிக்கான வாடகை எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் யூனிட்டுக்கு என்ன விலை, அந்த விலை எப்போது ஏறும் என்பதில்தான் போட்டி.

சிங்கப்பூர் இதை 2018 ஏப்ரலில் ஜூரோங் வட்டாரத்தில் சோதித்துப் பார்த்தது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாக நாடு முழுவதும் திறந்தது. மாற விரும்பாதவர்கள் எஸ்பியிடமே இருக்கலாம். அங்கே கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், அதை மின் ஆணையம் மேற்பார்க்கிறது. மாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைத் திட்டம். ஒன்று, ஒப்பந்தம் முடியும் வரை யூனிட் விலை அசையாது. மற்றது, எஸ்பியின் கட்டணத்தில் இத்தனை சதவீதம் தள்ளுபடி. இரண்டாவதில் எஸ்பி விலை ஏறினால் நம் விலையும் ஏறும். அதைவிடக் குறைவாக இருக்கும் என்பது மட்டும்தான் உறுதி.

முதல் இரண்டு ஆண்டுகள் கொண்டாட்டம். விளம்பரம், தள்ளுபடி, சேர்ந்தால் பரிசு. வீடுகளில் ஏறத்தாழ பாதி மாறிவிட்டன. பிறகு 2021 வந்தது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த ஆண்டு உலகம் முழுக்க எரிவாயு விலை எகிறியது. மொத்தச் சந்தையில் அரைமணிக்கு ஒரு விலை. வாடிக்கையாளருக்கு மலிவு விலையை இரண்டு வருடத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த அளவு மின்சாரத்தை முன்கூட்டியே வாங்கிப் பத்திரப்படுத்தாத கம்பெனிகள் மாட்டிக்கொண்டன. ஐஸ்விட்ச் அப்போது பெரிய விற்பனையாளர்களில் ஒன்று. அது 2021 நவம்பரில் சில்லறை விற்பனையை மூடியது. ஓம் எனர்ஜி உள்ளிட்ட வேறு சிலவும் விலகின.

யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. இதைத்தான் அண்ணனிடம் அழுத்திச் சொன்னேன். வாடிக்கையாளர்கள் எஸ்பியிடம் திரும்பினார்கள், அல்லது வேறு கம்பெனிக்குப் போனார்கள். மலிவு விலை மட்டும் கையை விட்டுப் போயிற்று. ஒருவன் ஓடிப்போனால் தாங்கிப்பிடிக்க இன்னொருவர் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்த ஊர் அது.

எல்லா இடத்திலும் முடிவு அப்படி இருந்ததில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் கிரிட்டி என்ற கம்பெனி மாதம் 9.99 டாலர் சந்தா வாங்கிக்கொண்டு, மொத்தச் சந்தை விலைக்கே கரண்ட் கொடுத்தது. சாதாரண நாட்களில் இது நல்ல மலிவு. 2021 பிப்ரவரியில் பனிப்புயல் அடித்து மின் நிலையங்கள் முடங்கியபோது மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டு, நாள்கணக்கில் அங்கேயே நின்றது. குளிருக்கு ஹீட்டர் போட்ட குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. விலை ஏறும் ஆபத்தைக் கம்பெனி சுமக்கிறதா, நாம் சுமக்கிறோமா என்று அந்தக் குடும்பங்கள் சேரும்போது பார்க்கவில்லை.

அதனால் பையனிடம் நான் விலையை விட்டுவிட்டு மற்றதைக் கேட்கச் சொன்னேன். "உன் வாடகை ஒப்பந்தம் எப்ப முடியுது? கரண்ட் ஒப்பந்தம் அதுக்கப்புறமும் ஓடினா, நடுவுல விட்டுட்டுப் போறதுக்கு அபராதம் எவ்வளவு? முடியிற தேதியில நீ ஒண்ணும் சொல்லலைன்னா தானா புதுப்பிச்சுடுவாங்களா, புது விலை என்ன? சொன்ன விலையில ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா? முன்பணம் கேட்கிறாங்களா?" ஒவ்வொரு திட்டத்துக்கும் இந்த விவரங்களை ஒரே மாதிரியான தாளில் எழுதித் தர வேண்டும் என்பது அங்கே விதி. அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்றேன். வருமானம் மாதச் சம்பளம், செலவு மாதக் கணக்கு என்று வாழ்கிற குடும்பத்துக்கு விலை அசையாத திட்டமே நல்லது. கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

அண்ணன் இரண்டாவது டீ சொன்னார். "சரி, இது நமக்கு எப்ப வரும்?"

நம் பக்கம் ஒரு காலத்தில் தனியார் கம்பெனி இருந்தது என்பதே இன்று பலருக்கு நினைவில்லை. உளுந்தூர்பேட்டை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், மாவட்டத்தில் தென்னார்க்காடு மின் விநியோகக் கம்பெனி என்று ஒன்று இயங்கியது. 1954-இல் சென்னை மாநில அரசு கொண்டுவந்த சட்டம் இப்படிப்பட்ட கம்பெனிகளை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்தது. 1957 ஜூலையில் மின்வாரியம் உருவானது. ஆனால் அந்தத் தனியார் காலத்திலும் மக்களுக்குத் தேர்வு கிடையாது. ஒரு பகுதிக்கு ஒரு உரிமம், அவ்வளவுதான். இன்றைய டெல்லியும் அப்படியே. அங்கே 2002-இல் விநியோகம் தனியாரிடம் போனது, ஆனால் எந்தத் தெருவுக்கு எந்தக் கம்பெனி என்பது வரைபடத்தில் முடிவாகிவிட்டது. தனியார் வருவது வேறு, தேர்வு வருவது வேறு. இதை எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் வீட்டுக்காரர் உண்மையில் கம்பெனி மாற முடிந்த ஊர் மும்பை. டாடா பவர் வீடுகளுக்கும் நேரடியாக விற்கலாம் என்று 2008 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009-இல் மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையம், புறநகரில் அதுவரை விநியோகம் செய்துவந்த ரிலையன்ஸின் கம்பி வழியாகவே டாடா கரண்ட் போகலாம் என்று வழி திறந்தது. செம்பூரில் நம் தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருக்களும் அந்த எல்லைக்குள் வருகின்றன. டாடா விலை குறைவாக இருந்ததால் லட்சக்கணக்கானோர் மாறினார்கள். கதையின் பாடமான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. அதிகம் பயன்படுத்தி அதிகம் கட்டுகிற வாடிக்கையாளர்கள் போய்விட்டால், பழைய கம்பெனியிடம் மிஞ்சும் சிறு வீடுகளின் சுமையை யார் தாங்குவது? ரிலையன்ஸ் கேட்டது, ஆணையமும் ஏற்றது. மாறிப்போனவர்கள் மீது கூடுதல் கட்டணம் விழுந்தது. 2012-இல், மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளைத்தான் டாடா இனி அந்தக் கம்பி வழியே சேர்க்கலாம் என்று ஆணையம் கட்டுப்பாடு வைத்தது. 2018-இல் ரிலையன்ஸின் மும்பை மின் வணிகம் அதானியிடம் போனது. இன்று அங்கே மாறுகிற குடும்பம் யூனிட் விலையோடு இந்தக் கூடுதல் கட்டணங்களையும் கூட்டிப் பார்த்துத்தான் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்.

இந்தச் சுமைதான் நம் ஊருக்கும் உயிர்நாடியான கேள்வி. இங்கே வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016 முதல் எல்லா வீடுகளுக்கும். கரும்புக்கும் மணிலாவுக்கும் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டுக்குக் கட்டணமே கிடையாது. கடைகளும் ஆலைகளும் கூடுதலாகக் கட்டுகின்றன, மீதியை அரசு மானியமாகத் தருகிறது. பல கம்பெனிகள் வந்து, அதிகம் கட்டுகிற ரைஸ் மில்லையும் ஓட்டலையும் மட்டும் பொறுக்கிக்கொண்டு, பம்புசெட்டையும் கல்வராயன் மலையில் ஒரு வீட்டுக்காகப் போகிற நீண்ட லைனையும் ஈபியிடம் விட்டுவிட்டால் கணக்கு உடைந்துவிடும். பெரிய ஆலைகளுக்கு இந்தத் தேர்வு ஏற்கெனவே இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டம் ஒரு மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு வெளியில் வாங்கும் வழியைத் திறந்தது. பசுமை மின்சாரத்துக்கு அந்த அளவு 2022-இல் 100 கிலோவாட்டாக இறங்கியது. வீடுகளுக்கு இன்னும் இல்லை. 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் வந்த திருத்த மசோதா, ஒரே பகுதியில் பல விநியோகக் கம்பெனிகளுக்கு வழி கேட்டது. தமிழ்நாடு எதிர்த்தது, மின் ஊழியர்கள் போராடினார்கள், மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. தேர்வு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சுமையைப் பங்கிடும் ஏற்பாடு இல்லாத தேர்வு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

"அப்போ இப்போதைக்கு நம்ம கையில ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன். இருக்கிறது, அவர் சட்டைப்பையில் இருந்த பில்லில். கணக்கு எளிதாக இருக்க 2022 செப்டம்பர் விலையை வைத்துக்கொள்வோம் (பிறகு யூனிட்டுக்குச் சில காசுகள் ஏறியிருக்கின்றன, கணக்கின் போக்கு அதேதான்). இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடினால், முதல் நூறு இலவசம், அடுத்த நூறு 2.25 ரூபாய், அடுத்த இருநூறு 4.50, கடைசி நூறு 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். 501 ஓடினால் அந்த 2.25 சலுகை மறைந்துவிடும், 500-க்கு மேற்பட்ட யூனிட் 8 ரூபாய். மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அண்ணன் பில்லை விரித்துப் பார்த்தார். 530 யூனிட். மாடித் தொட்டிக்கு ஓடும் மோட்டாரும் பழைய பிரிட்ஜும் அந்த முப்பதை எளிதாகத் தின்றுவிடும். நடுவில் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் குறித்துவைத்தால் கடைசி வாரத்தில் அடக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு தேர்வு மொட்டை மாடியில். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 மானியம். ஒரு கிலோவாட் பேனல் நம் வெயிலுக்கு நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். அண்ணன் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் ஏறக்குறையப் போதும். ஆனால் 200 யூனிட்டுக்குள் முடிக்கிற வீட்டுக்கு நான் அவசரப்பட்டுச் சிபாரிசு செய்ய மாட்டேன். பாதி இலவசம், மீதி பாதி விலை என்று போகிற பில்லில் மிச்சப்படுத்த அதிகமில்லை, போட்ட முதல் திரும்ப வர வெகுகாலம் ஆகும். 500-ஐத் தாண்டி ஏசியும் ஓடுகிற வீட்டுக்குத்தான் பேனல் சீக்கிரம் கட்டுப்படியாகும். விலைப்புள்ளி வாங்கும்போது இன்வெர்ட்டருக்கு எத்தனை வருட உத்தரவாதம், பழுதானால் யார் வருவார், கள்ளக்குறிச்சியிலோ விழுப்புரத்திலோ அவர்களுக்கு ஆள் இருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

பையன் இரவில் திரும்பக் கூப்பிட்டான். அவனுடைய வாடகை ஒப்பந்தம் ஒரு வருடம்தானாம், அவன் பார்த்துவைத்த மலிவுத் திட்டம் இரண்டு வருடம். பன்னிரண்டு மாதத் திட்டம் எவரிடம் இருக்கிறது என்று தேடச் சொல்லியிருக்கிறேன். கிடைக்கும் வரை எஸ்பியிலேயே இருக்கட்டும்.