கடன்பட்டு வட்டி பெற்றோர்

கடன் வாங்கி வட்டி கொடுப்போரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கடன் கொடுத்து வட்டி வாங்குவோரையும் அறிவோம். ஆனால் பிறரிடம் பெற்ற கடனுக்கு ஒரு சதமேனும் வட்டி கொடாது, அப்பணத்தையே வங்கியிலிட்டுத் தாம் வட்டி பெறுவோர் எங்கேனும் உளரோ என வினவின், கணக்கறியாதார் பேச்சு என்று வாசகர் நகைப்பர். எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்று, பின்னர் இலண்டன் சென்று குடியேறிய நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்தபோது இதனைச் சொல்ல, நாமும் அவ்வாறே நகைத்தோம். அவரோ ஒரு கடதாசியை எடுத்து, எண்களை நிரைப்படுத்திக் காட்டினார். எமது நகைப்பு அடங்கிற்று.

பிரித்தானியாவிற் கடனட்டை தோன்றியது 1966ஆம் ஆண்டில். பார்க்ளேஸ் வங்கி வெளியிட்ட பார்க்ளேகார்ட் என்பதே அந்நாட்டின் முதற் கடனட்டையாகும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அமெரிக்கக் கம்பனிகளும் புதிய வங்கிகளும் இச்சந்தையுட் புகுந்தன. பழைய வங்கிகளின் வாடிக்கையாளரைத் தம்பால் இழுக்க வேண்டி, “உங்கள் கடனை எமது அட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்கு, ஒன்பது மாதத்துக்கு, ஓராண்டுக்கு வட்டியே இல்லை” என அவை அழைப்பு விடுத்தன. இது தருமமன்று. தவணை முடிந்ததும் வட்டி நூற்றுக்கு 15, 18 என உயரும். அன்று கடனைத் தீர்க்க மறந்தவரும் தீர்க்க முடியாதவரும் அகப்பட்டுக்கொள்வர். வாடிக்கையாளரின் மறதியே அக்கம்பனிகளின் முதல் எனலாம்.

மறவாதார் சிலர் இருந்தனர். அவர்களே இவ்வலையைத் திருப்பி வீசினர். கடனை வட்டியின்றி எடுப்பது, செலவு செய்யாது சேமிப்புக் கணக்கில் இடுவது, தவணை முடியுமுன் முழுவதையும் எடுத்துக் கட்டிவிடுவது, இடையிற் கிடைத்த வட்டியைத் தம் பையில் இடுவது. இவ்வளவே வித்தை. ‘ஸ்டூஸ்’ என்னும் புனைபெயர் பூண்ட ஒருவர் இதனை விளக்கி எழுதியதால், இவ்வழக்கத்துக்கு ‘ஸ்டூஸிங்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

எமது நண்பர் 2005ஆம் ஆண்டில் இதிற் புகுந்தார். அக்காலத்திற் கடனை மாற்றுவதற்குக் கட்டணம் அறவிடாத அட்டைகளும் இருந்தன. 5,000 பவுணை அட்டைக் கம்பனி நேரே அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்பியது. நூற்றுக்கு நாலரை வட்டி தரும் சேமிப்புக் கணக்கில் அதனை இட்டார். முழு ஆண்டுக்கு 225 பவுண் என்று நாம் கணக்கிடப் புகுந்தபோது அவர் கையமர்த்தினார். வட்டியில்லாக் கடனாயினும், மாதந்தோறும் நிலுவையில் நூற்றுக்கு இரண்டளவிற் கட்டியே ஆகவேண்டும். கட்டுந்தோறும் சேமிப்பிலுள்ள முதல் குறையும். ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் வட்டி உழைத்தது ஏறக்குறைய 4,500 பவுணே. அதற்கு வந்த 202 பவுண் வட்டியில் ஐந்திலொன்றை வங்கியே வரியாகப் பிடித்துக்கொள்ளும். 2016 வரை அங்கு அதுவே நடைமுறை. மிஞ்சியது 160 பவுணளவு. வருடம் முழுவதும் நாட்குறிப்பிற் கண்ணாயிருந்ததற்குக் கிடைத்த கூலி அது.

கூலி என்றே சொல்லுகின்றோம். ஏனெனில் இவ்வேலைக்கு வேண்டுவது பொருளியற் புலமையன்று, எழுதுவினைஞரின் ஒழுங்கு. ஒரு மாதக் கட்டணம் ஒருநாள் பிந்தினாற் போதும், தண்டம் விழும். வட்டியில்லாச் சலுகையும் பறிபோகலாம். அத்தண்டங்கள் 20, 25 பவுண் என்றிருந்ததைக் கண்டு, 2006ஆம் ஆண்டில் அந்நாட்டு நியாய வர்த்தக அலுவலகம் 12 பவுணுக்கு மேற்பட்டவற்றை நியாயமற்றனவாகக் கொள்வதாக அறிவித்தது. அட்டையைக் கொண்டு இயந்திரத்திற் காசு எடுப்பதோ வேறு கதை. அதற்குச் சலுகை கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

இவை எல்லாவற்றிலும் நுட்பமான பொறி வேறொன்று. கடனை மாற்றிய அட்டையினாலேயே ஒருவர் கடையிற் பாணும் பாலும் வாங்கிவிட்டார் என்க. அவ்வாறு வாங்கியதற்கு முழு வட்டி உண்டு. “உடனே கட்டிவிட்டாற் போயிற்று” என அவர் எண்ணுவார். ஆனால் கட்டும் பணத்தைக் கம்பனி முதலில் வட்டியில்லாக் கடனுக்கே வரவு வைக்கும். அக்கடன் முழுவதும் தீரும்வரை பாணின் விலை வட்டியோடு வளர்ந்துகொண்டேயிருக்கும். 2011ஆம் ஆண்டு தொடக்கமே, கூடிய வட்டிக் கடனுக்கு முதலில் வரவு வைத்தல் வேண்டும் என்னும் ஒழுங்கு அங்கு நடைமுறைக்கு வந்தது. இவ்வொழுங்குக்கு முன் எத்தனை குடும்பங்கள் இதில் அகப்பட்டனவோ!

நண்பர் அகப்படவில்லை. கடனை மாற்றிய அட்டையை உறையிலிட்டுப் பெட்டியுள் வைத்துவிட்டதாகச் சொன்னார். 2007இல் இரண்டாம் முறை 5,000 பவுண் எடுத்தார். அதற்குள் கம்பனிகளும் விழித்துக்கொண்டன. மாற்றுக் கட்டணமாக நூற்றுக்கு இரண்டு, அதாவது 100 பவுண் கேட்டன. ஆயினும் அவ்வாண்டு யூலையில் இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் ஐந்தே முக்காலாக ஏறியிருந்தது. ஆறு வீதம் தந்த சேமிப்புக் கணக்கொன்றை அவர் பிடித்தார். வரியும் கட்டணமும் போக 115 பவுண் மிஞ்சுமென்பது அவர் கணக்கு. கட்டணம் மூன்று வீதமாகியிருந்தால் இலாபம் 65 ஆகச் சுருங்கியிருக்கும். தேசங்களை ஆளும் வட்டி வீதம் ஒருபுறமும், கம்பனியின் அற்பக் கட்டணம் மறுபுறமுமாக நின்று இழுக்கும் கயிறு இது.

இங்கே வாசகர் ஒன்றைக் கேட்கலாம்: நண்பருக்குக் கிடைத்த அவ்வட்டி யாருடைய பணம்? கம்பனி நட்டத்துக்கு வியாபாரம் செய்யாது. தவணையை மறந்து பதினெட்டு வீதம் கட்டிய எவரோ ஒருவரின் பணத்திலிருந்தே நண்பரின் சலுகைக்கும் செலவு ஈடாயிற்று. அவ்வொருவர் அவருடைய தெருவிலேயே குடியிருந்திருக்கவுங் கூடும். இதனை நாம் சொன்னபோது நண்பர் சற்று மௌனமாயிருந்தார். பின்னர், “அந்த ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன்” என்றார்.

2008ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. தங்கையின் கணவருக்குக் கொழும்பிற் சத்திரசிகிச்சை. போர்க்காலம், அவர்களைக் கொழும்புக்குக் கொண்டு வருவதே பெருஞ்செலவு. “அண்ணையிடம் காசு இருக்குமோ?” என்று தங்கை கேட்டாள். சேமிப்புப் புத்தகத்தில் நாலாயிரத்துக்கு மேல் இருந்தது. இல்லையென்று எவ்வாறு சொல்வது? அது தம்முடைய பணமன்று, கம்பனியின் கடன் என்று ஐயாயிரம் மைலுக்கு அப்பால் அழுதுகொண்டு நிற்கும் ஒருத்திக்கு எந்தக் கணக்கைக் காட்டி விளக்குவது? 2,000 பவுண் அனுப்பினார். தாம் சம்பளத்தில் அதனை நிரப்பிவிடலாம் என எண்ணினார். பிள்ளை பிறந்த ஆண்டு அது, நிரம்பவில்லை.

முன்னைய ஆண்டுகளாயின் வேறொரு வட்டியில்லா அட்டைக்கு மிச்சக் கடனை மாற்றியிருப்பார். ஆனால் 2008இல் உலக வங்கிகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. கடன் கொடுப்போர் கையை இறுக்கிக்கொண்டனர். விண்ணப்பித்த இரண்டு இடங்களிலும் இல்லையென்றார்கள். தவணை முடிந்தது, எஞ்சிய 2,000 பவுணுக்கு வட்டி நூற்றுக்குப் பதினேழாயிற்று. மாதம் நூறு நூறாகக் கட்டி முடிக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. கொடுத்த வட்டி 368 பவுண். இரண்டு முறையும் முறைப்படி முடிந்திருந்தாலும் இவ்வித்தையால் அவர் பெற்றிருக்கக்கூடியது 275 பவுணே.

“அனுப்பியதைப் பற்றி வருத்தமில்லை. மச்சான் இன்றைக்கும் தோட்டஞ் செய்கிறார்” என்றார் நண்பர். அவர் கடன் தீர்ந்த காலத்தில் இவ்வித்தையே அந்நாட்டில் அநேகமாய் ஓய்ந்திருந்தது. 2009 மார்ச்சில் இங்கிலாந்து வங்கி தன் வட்டி வீதத்தை அரையாகக் குறைத்துவிட்டது. வட்டியே இல்லாத சேமிப்பில் வட்டியில்லாக் கடனை இட்டு யாது பயன்? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அந்நிலை பெரும்பாலும் நீடித்து, 2020இல் வீதம் பத்திலொரு பங்குக்கும் இறங்கிற்று. பின்னர் விலைவாசி ஏற, வட்டியும் ஏறி, 2023 ஓகஸ்டில் ஐந்தே காலை எட்டியது. அத்தோடு ஸ்டூஸிங்கும் உறக்கம் நீங்கி எழுந்தது. இப்போது சாதாரண வரி கட்டுவோருக்கு ஆண்டில் முதல் 1,000 பவுண் வட்டிக்கு வரியுமில்லை. பலர் இன்று கடன் மாற்றாமல், பொருள் வாங்குவதற்கு வட்டியில்லாத அட்டையினால் அன்றாடச் செலவைச் செய்து, செலவாகாத சம்பளத்தைச் சேமிப்பில் விடுகின்றனர். அதற்கு மாற்றுக் கட்டணமுமில்லை. வீடு வாங்க நினைப்போர் மாத்திரம் சற்று யோசிக்க வேண்டும். வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கி, அட்டையிலுள்ள கடனைக் காணுமேயன்றி, அதற்கு ஈடாகச் சேமிப்பிற் கிடக்கும் பணத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

தங்கையின் மகன் இப்பொழுது இலண்டனில் வேலை செய்கின்றான். சத்திரசிகிச்சை நடந்த காலத்திற் குழந்தையாயிருந்தவன். அவனும் ஓர் அட்டை எடுத்து, மாமனாரிடம் ஆலோசனை கேட்க வந்திருக்கின்றான். வீதங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தானாம். தவணை நாளைக் கைத்தொலைபேசியிற் குறித்தும் வைத்திருந்தானாம். நண்பர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை.

“தம்பி, அந்தக் காசு உன்ரை கணக்கிலை கிடக்கிறது ஆருக்குத் தெரியும்?” என்று மட்டும் கேட்டாராம்.

“ஒருத்தருக்கும் தெரியாது, மாமா. அம்மாவுக்கு மட்டுந்தான் சொன்னனான்.”