பைகுல்லா–பரேல்: ஒரு தொகுதியின் வரலாறு

மும்பை மாநகரில் வாழும் தமிழன்பர்களை நோக்கி, "தங்கள் ஊர் எது?" என்று வினவினால் உடனே விடை வரும். "தங்கள் தொகுதி எது?" என்று வினவினாலோ சிலர் தயங்குவர், சிலர் நெல்லையிலோ தஞ்சையிலோ உள்ள தம் பிறந்த ஊரின் தொகுதியைக் கூறுவர். குடியிருக்கும் தெரு ஓரிடம், வாக்குரிமை வேறோரிடம் என்று எண்ணிக்கொண்டே ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. தொகுதி என்பது வரைபடத்தில் இழுத்த கோடு மட்டும் அன்று. அக்கோட்டிற்குள் யார் கணக்கில் சேர்க்கப்படுகின்றனர், யார் விடப்படுகின்றனர் என்பதே அதன் உயிர்நிலை. இவ்வுண்மையை விளங்கிக்கொள்ள நம் நகரத்துத் தொகுதி ஒன்றின் வரலாறே போதுமானது.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, 1937 பிப்ரவரியில் பம்பாய் மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. சபையில் 175 இடங்கள். நகரத் தொகுதிகளுள் ஒன்று பைகுல்லா–பரேல். புகைபோக்கிகள் வானளாவ நின்ற பஞ்சாலைப் பகுதி அது. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்து மேட்டு நிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்த தொழிலாளர்கள், 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில், அறைக்கு ஒரு குடும்பமாகவும் அதற்கு மேலாகவும் நெருங்கி வாழ்ந்தனர். தொகுதியில் இருந்தோரில் பெரும்பகுதியினர் நம்மைப் போலவே வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்பதை மறத்தலாகாது.

ஆயினும், அங்கு வாழ்ந்தோர் அனைவருக்கும் வாக்கில்லை. வரி, வாடகை, கல்வி, படைச் சேவை முதலிய தகுதிகளுள் ஏதேனும் ஒன்று உடையவருக்கே அக்காலத்தில் வாக்குரிமை. நாடு முழுவதிலும் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினரே வாக்காளராய் இருந்தனர். ஆலையில் நூல் நூற்றவருள் பலர் தேர்தல் நாளன்று வேடிக்கை பார்ப்பவராகவே நின்றிருப்பர்.

அத்தேர்தலில் பைகுல்லா–பரேலில் போட்டியிட்டவர் டாக்டர் அம்பேத்கர். பரேலில் நகர அபிவிருத்தி டிரஸ்டு கட்டிய சால் ஒன்றில் அவர் பல்லாண்டுகள் குடியிருந்தவர். 1924இல் தோன்றிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையின் அலுவலகம் அங்குள்ள தாமோதர் ஹாலில்தான் இயங்கியது. 1936இல் அவர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் 17 இடங்களில் நின்று 14 இடங்களை வென்றது.

அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவரும் எளியவர் அல்லர். 1911இல் இந்தியக் கிரிக்கெட் குழுவினருடன் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்திய பால்வங்கர் பாலு அவர்களே அவ்வேட்பாளர். இருவரும் ஒடுக்கப்பட்ட சமூகங்களிற் பிறந்து, தம் திறமையால் உயர்ந்தவர்கள். இருவரும் 1932 செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்கள். அவ்வொப்பந்தத்தில் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோரின் கையொப்பங்களும் உண்டு. மாகாண சபைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 148 இடங்களை ஒதுக்கிய ஒப்பந்தம் அது; அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30, சிந்துவும் சேர்ந்த பம்பாய் மாகாணத்திற்கு 15.

வாக்களிக்கும் முறையும் இன்றுள்ளது போன்றதன்று. பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில், இடங்கள் எத்தனையோ அத்தனை வாக்குகள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவற்றைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கலாம். விரும்பினால் எல்லாவற்றையும் ஒருவருக்கே குவிக்கலாம். சிறுபான்மையாய் உள்ளவர்கள் ஒன்றுபட்டு நின்றால் தம்மவர் ஒருவரைச் சபைக்கு அனுப்ப இம்முறை வழிசெய்தது. முடிவில் அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு 2,020 வாக்குகளே.

அவ்வெற்றியின் பயனைச் சபை விரைவிலேயே கண்டது. 1937 செப்டம்பரில் கொங்கணத்துக் கோத்தி நில முறையை ஒழிக்கும் மசோதாவை அம்பேத்கர் கொணர்ந்தார். ஆலைத் தொழிலாளர் பலரின் சொந்த ஊர்த் துயரம் அது. 1938இல் வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்திய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துச் சபையிலும், நவம்பர் 7 அன்று தெருவிலும் போராடினார். நகரில் உழைப்பவனின் குறையும் அவன் விட்டு வந்த கிராமத்தின் குறையும் ஒரே உறுப்பினரின் வாயிலாக ஒலித்தன.

விடுதலைக்குப் பின், 1951–52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், 21 வயது நிறைந்த ஆண் பெண் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். சாலில் வாழ்ந்தவரும் மாளிகையில் வாழ்ந்தவரும் ஒரே வரிசையில் நின்றனர். குவித்து வாக்களிக்கும் முறை மட்டும் மறைந்தது. இரட்டை உறுப்பினர் தொகுதியிலும் ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குக்கு மேல் அளித்தல் கூடாது என்றாயிற்று. அம்முறைப்படி பம்பாய் நகர வடக்கு மக்களவைத் தொகுதியில் நின்ற அம்பேத்கர், நாராயண் கஜ்ரோல்கரிடம் தோல்வியுற்றார். இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன.

அதன்பின் வந்த காலத்தை நம்மவர் எளிதில் மறவார். 1966இல் தோன்றிய சிவசேனை, தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியரை எதிர்த்தே பேசியும் எழுதியும் வளர்ந்தது. கம்யூனிஸ்டுக் கட்சியைச் சேர்ந்த பரேல் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ண தேசாய் 1970 ஜூன் 5 அன்று கொலையுண்டார். அவ்வாண்டே நடந்த இடைத்தேர்தலில் அவர்தம் துணைவியார் சரோஜினி தேசாய் நின்றார். சிவசேனையின் வாமன்ராவ் மகாடிக் 1,679 வாக்கு வேறுபாட்டில் வென்று, அக்கட்சியின் முதல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். தொழிலாளர் என்ற ஒருமையால் இணைந்த தொகுதி, மண்ணின் மைந்தர், வந்தேறியவர் என்ற பிரிவினையின் களமாகவும் ஆயிற்று. ஆண்டுகள் செல்ல அக்கட்சியின் முழக்கங்கள் வேறு திசையில் திரும்பின. எனினும், இரண்டாயிரத்துக்கும் குறைந்த வாக்குகள் ஒரு நகரின் அரசியல் போக்கைத் திருப்பவல்லன என்னும் பாடம் நிலைத்து நிற்கிறது.

1982 ஜனவரியில் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் அடங்கின. புகைபோக்கிகள் நின்ற இடங்களில் அங்காடிகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. மக்கள் வடக்கே நகர்ந்தனர். அவர்களோடு தொகுதிகளும் நகர்ந்தன. 2008ஆம் ஆண்டு எல்லை மறுவரையறைக்குப்பின் மும்பையின் 36 தொகுதிகளுள் பழைய தீவு நகரத்துக்கு 10, புறநகருக்கு 26 என்று பங்காயின. பைகுல்லா என்ற பெயர் இன்றும் பட்டியலில் உள்ளது. பரேல் என்ற பெயரில் தொகுதி இல்லை. அதே மறுவரையறையில் உருவான சயான்–கோலிவாடா தொகுதியிலிருந்து, தமிழகத்தினின்றும் வந்து குடியேறிய ஆர். தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளார். அவர் எக்கட்சியினர் என்பது ஈண்டு நம் பேச்சன்று. வந்தவருக்கு இங்கே இடமில்லை என்ற குரல் ஒலித்த நகரில், வந்தவர் ஒருவரை மக்கள் மும்முறை தேர்ந்தெடுத்தனர் என்பதே கருதத்தக்கது.

சட்டமும் இதற்கு இடம் தந்தே நிற்கிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வாக்காளனை "எங்கே பிறந்தாய்?" என்று கேட்பதில்லை, "எங்கே வழக்கமாக வாழ்கிறாய்?" என்றே கேட்கிறது. ஊரில் வீடு சொந்தமாயிருப்பதால் மட்டும் ஒருவர் அவ்வூரில் வாழ்பவர் ஆகிவிடார் என்று அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாய் உரைக்கிறது. விடுமுறைக்கோ விழாவுக்கோ சிலகாலம் வெளியூர் செல்வதால் இங்குள்ள உரிமை இழக்கப்படுவதும் இல்லை. ஒருவர் இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருத்தல் ஆகாது. அறிந்தே பொய்யான உறுதிமொழி அளித்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆதலின் அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் இல்லத்தில் 18 வயது நிறைந்தோர் அனைவரின் பெயரும் பட்டியலில் உள்ளதா என்று இன்றே பார்த்தல் நலம். முதன்முறை சேர்பவருக்குப் படிவம் 6. வீடு மாறியவருக்குப் படிவம் 8. வீட்டுப் பெண்டிரின் பெயரும், பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளின் பெயரும் விடுபட்டுப் போவது நம்மிடையே மிகுதி. 1937இல் பரேலின் தறிக்கூடத்தில் நின்ற பலருக்குக் கிட்டாத உரிமை இது. அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பது, அதற்காக உழைத்தோர்க்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.