ஓய்வு பெறும் வழிகாட்டி நாயும் அதன் வாரிசும்

பார்வையற்றவர் ஒருவர் பிறர் துணையின்றி நகரச் சாலைகளில் நடக்க உதவும் வழிகாட்டி நாய், ஏறத்தாழ 2 வயதில் பணியைத் தொடங்கி, 10 வயதை ஒட்டி ஓய்வு பெறுகிறது. அதன் பணிக்காலம் சுமார் 8 ஆண்டுகளே. 20 வயதில் நாயைப் பெறும் ஒருவர் 70 வயது வரை அவ்வாறே நடமாட வேண்டுமாயின், அடுத்தடுத்து ஆறு அல்லது ஏழு நாய்கள் தேவைப்படும். எனவே, உரிய காலத்தில் வாரிசை வழங்குவதும் இச்சேவையின் பிரிக்க முடியாத பகுதியாகும்.

முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்கென 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பள்ளி நிறுவப்பட்டது. அமெரிக்காவில் 1929இல் 'சீயிங் ஐ' நிறுவனம் தோன்றியது. அதன் தோற்றத்திற்குக் காரணமானவர்களுள் ஒருவரான மாரிஸ் ஃபிராங்க், தமது முதல் நாயான 'பட்டி' 1938இல் இறந்த பின்னர், அடுத்து வந்த நாய்களுக்கும் அதே பெயரையே சூட்டினார். பெயர் தொடர்ந்தாலும் பழக்கத்தைப் புதிதாகவே தொடங்க வேண்டியிருந்தது.

ஓய்வின் அறிகுறிகள்

நடை தளர்தல், படிகளில் தயங்குதல், சேணத்தைக் கண்டதும் விலகிச் செல்லுதல், வாகன ஒலிக்கு மிரளுதல் ஆகியவை முதன்மையான அறிகுறிகள். வாகனம் வரும்போது 'முன்னே செல்' என்ற கட்டளையையும் மீறி நிற்பதே வழிகாட்டி நாயின் தலையாய திறமை. அது குன்றினால் உரிமையாளரின் உயிருக்கே ஆபத்து நேரும். பாசத்தின் காரணமாக ஓய்வைத் தள்ளிப்போடுவது இருவருக்கும் நன்மை தராது. ஆகவே, கால்நடை மருத்துவரின் சோதனையும் பயிற்சியாளரின் நேரடி மதிப்பீடும் முடிவுக்கு அடிப்படையாதல் வேண்டும்.

புதிய நாயின் வருகை

வாரிசை உடனடியாக உருவாக்க இயலாது. குட்டி, ஓராண்டுக்கு மேல் தன்னார்வக் குடும்பத்தில் வளர்ந்து, பின்னர்ப் பல மாதங்கள் பயிற்சி பெறுகிறது. உரியவரின் நடைவேகம், உடல்வாகு, வாழ்க்கை முறை ஆகியவற்றுக்குப் பொருந்தும் நாயே தேர்ந்தெடுக்கப்படுகிறது. பின்னர் இருவரும் சில வாரங்கள் சேர்ந்து பயில்கின்றனர். முழு இணக்கம் ஏற்பட மேலும் பல மாதங்கள் ஆகலாம். பழைய நாய் அறிந்திருந்த வழிகளைப் புதிய நாயும் அறிந்திருக்கும் என எதிர்பார்ப்பது தவறு. இந்த இடைவெளி நீண்டால், அவர் அலுவலகம் செல்லவும் கடைக்குச் செல்லவும் மீண்டும் பிறர் கையையே எதிர்பார்க்க நேரிடும்.

ஓய்வு பெற்ற நாய் அதே வீட்டில் தங்கலாம். அல்லது உறவினரிடமோ, அதனைக் குட்டியாக வளர்த்த குடும்பத்திடமோ ஒப்படைக்கப்படலாம். ஒரே வீட்டில் இருப்பின், முதல் சந்திப்பு வீட்டிற்கு வெளியே, பொதுவான ஓர் இடத்தில் நிகழ்வது நல்லது. உணவும் படுக்கையும் தனித்தனியே அமைய வேண்டும். புதிய நாய் சேணத்துடன் புறப்படும் வேளையில், பழைய நாயை வேறொருவர் உலாவ அழைத்துச் சென்றால் அதன் ஏக்கம் குறையும்.

செலவும் பொறுப்பும்

'சீயிங் ஐ' நிறுவனம் முதல் நாய்க்கு 150 டாலரும், அடுத்து வரும் ஒவ்வொரு நாய்க்கும் 50 டாலரும் மட்டுமே பெறுகிறது. உண்மையான செலவோ இதனைப் போல் பல மடங்கு. எஞ்சியதை நன்கொடையே ஈடுசெய்கிறது. இவ்வாறு, இரண்டாவது நாயைப் பெறுவது உரியவருக்குச் சுமையாகாமல் பார்த்துக்கொள்ளப்படுகிறது.

இந்தியாவில் பார்வையற்றோர்க்குப் பெரிதும் துணை நிற்பது வெள்ளைக் கைத்தடியே. ஆயினும் பாதுகாப்புப் படைகளிலும் காவல் துறையிலும் நாய்கள் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகின்றன. குவாலியரை அடுத்த தேகன்பூரில் 1970 முதல் அவற்றுக்கான தேசியப் பயிற்சி மையம் இயங்கி வருகிறது. எத்துறையாயினும் விதி ஒன்றே: வாரிசுக்கான ஏற்பாடும், ஓய்வு பெறும் நாய்க்கான இல்லமும், அது பணியில் சேரும் நாளிலேயே திட்டத்தில் இடம்பெற வேண்டும். உழைக்கும் காலத்திற்கு மட்டும் நிதி ஒதுக்கும் திட்டம் பாதித் திட்டமே.