பேக் பயர் அடித்தால் படகே குபீர்! கார் பில்டர் மாட்டாதீங்க

பெட்ரோல் படகின் என்ஜின் 'டப்'பென்று பேக் பயர் அடித்தால், கார்புரேட்டர் வாய் வழியாக தீ வெளியே பாயும். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம் என்பதால் படகின் அடியிலேயே தேங்கி நிற்கும். இரண்டும் சேர்ந்தால் அம்புட்டுதான்!

இதைத் தடுப்பதுதான் 'பிளேம் அரெஸ்டர்'. இதன் உலோக வலை, தீயின் சூட்டை உறிஞ்சி அணைத்துவிடும். கார் பில்டர் இந்த வேலைக்கு ஆகாது.

அமெரிக்காவில் 25.4.1940-க்குப் பின் பொருத்திய பெட்ரோல் என்ஜின்களுக்கு இது கட்டாயம். அவுட்போர்டு மோட்டாருக்கு மட்டும் விலக்கு. கடலோர காவல்படை அனுமதி எண், 'எஸ்.ஏ.இ. ஜே-1928', 'யு.எல். 1111' இதில் ஏதாவது ஒரு முத்திரை இருக்க வேண்டும்.

சின்ன சைசு மாட்டினால் காற்று பத்தாமல் இழுவை குறையும். எண்ணெய் பிசுக்கு ஏறினாலும் இதே கதிதான். அதற்காக கழற்றிப் போடக்கூடாது. முத்திரை உள்ள பெரிய சைசு வாங்கலாம். பிசுக்கு என்றால் கழுவி, நன்றாகக் காயவைத்து, இடைவெளி இல்லாமல் இறுக்கி மாட்டினால் போதும்.