உங்களுக்குத் தெரியுமா? தொடையிடுக்கு அரிப்பும் கடைக் களிம்பும்

தொடையிடுக்கில் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, வியர்த்தால் நமநமவென்று அரிக்கிறதா? பெரும்பாலும் அது படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட்" என்று கேட்பதில்தான் வினை தொடங்குகிறது. கைக்கு வரும் ட்யூபில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால், தோலின் எதிர்ப்பு தளர்வதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். பூசுவதை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். அந்த இடத்துத் தோல் மெல்லியது. மாதக்கணக்கில் பூசினால் அழியாத வரிக்கோடுகள் விழும். இந்தியாவில் இத்தகைய பல களிம்புகளுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று 2018-லேயே ஆணை வந்துவிட்டது. யார் கேட்கிறார்கள்?

கிருமிநாசினி ஊற்றிக் கழுவினால் எரிச்சல்தான் கூடும். வீட்டில் இன்னொருவருக்கும் அரித்தால் இருவரும் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும், துண்டு தனித்தனி.

கொப்புளம், புண், சீழ், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், சிறுநீர் கடுப்பு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஆண்களுக்கு முன்தோலில் அடிக்கடி வெடிப்பும் அரிப்பும் வந்தால் ரத்தச் சர்க்கரையையும் பரிசோதிப்பது நல்லது. சிலருக்குச் சர்க்கரை நோய் முதலில் தெரியவருவதே இப்படித்தான்.