மூட்டை கட்டுமுன்

சாரண ஆசிரியர்களுக்கான உயர்நிலைப் பயிற்சிக்கு வருமாறு அழைப்புக் கடிதம் நமக்கு வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை மாலையில். கடிதத்தோடு இணைத்திருந்த பொருட்பட்டியலை இல்லத்தரசி உரக்க வாசித்தார்: "கம்பளி இரண்டு, டார்ச் விளக்கு, தட்டு, தம்ளர், கயிறு, ஊசி நூல், குறிப்பேடு..." வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஐம்பது வயதில் பள்ளிப் பிள்ளை மாதிரி மூட்டை கட்டப் போகிறீர்கள்! பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவருக்கே இன்னும் பாடம் நடத்த வேண்டுமா?" என்றார்.

கேலியாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆயினும் அது நம்மை உறங்க விடவில்லை. பங்குப் பள்ளியில் சாரணப் படையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். கொடி ஏற்றவும், கூடாரம் அடிக்கவும், முதலுதவிக் கட்டுப் போடவும் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறோம். இனி நாம் கற்க என்ன இருக்கிறது? நம் பங்குக் குடும்பங்களில் இதே கேள்வியை உடையவர்கள் பலர் இருக்கக் கூடும். அவர்களுக்காகவும் நமக்காகவுமே இவ்வரிகளை எழுதுகிறோம்.

சாரணர் இயக்கம் பிறந்த கதையை முதலில் சிறிது நினைவுகூர்வோம். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில், பேடன் பவல் என்னும் படைத் தளபதி, செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுமாகச் சுமார் இருபது சிறுவரைக் கூட்டிக்கொண்டு ஒரு பாசறை நடத்தினார். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். மறு ஆண்டில் அவர் எழுதிய நூல் வெளிவந்ததும் நாடெங்கும் சிறுவர் தாமாகவே அணி சேர்ந்தனர். பிறகே தங்களை நடத்திச் செல்லப் பெரியவர்களைத் தேடினர். பிள்ளைகள் முன்னே சென்றுவிட, பெரியவர்கள் பின்னே ஓடி வந்து சேர்ந்த இயக்கம் இது.

1914-இல் மூண்ட முதல் உலகப் போருக்கு ஆசிரியர்களில் பலர் சென்றுவிட்டபோது, படைகள் பலவற்றைக் கலையாமல் காத்தவர்கள் அணித்தலைவர்களாகிய சிறுவர்களே. போர் முடிந்ததும் பெரியவர்களுக்கு முறையான பயிற்சி தர வேண்டும் என்ற நெடுநாள் எண்ணத்தைப் பேடன் பவல் நிறைவேற்றினார். மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்துப் பெருமகனார் தந்த பொருளுதவியால் இலண்டனை அடுத்த கில்வெல் பூங்கா வாங்கப்பட்டு, 1919 செப்டம்பர் 8-ஆம் நாள் அங்கே முதற் பயிற்சி தொடங்கியது. பயிற்சியை முடித்தவர்களுக்குப் பதக்கமோ பட்டயமோ அளிக்கவில்லை. தோல்வாரில் கோத்த இரண்டு சிறு மரமணிகளை அளித்தார். தென்னாப்பிரிக்காவில் ஜூலு மக்களின் தலைவரான தினுசூலுவுக்கு உரியதெனச் சொல்லப்படும் கழுத்தணியிலிருந்து எடுத்த மணிகள் அவை. அதனாலேயே அப்பயிற்சிக்கு 'வுட் பேட்ஜ்', அதாவது மரச் சின்னம் என்று பெயர் வந்தது. நூறாண்டு கடந்தும் உலகெங்கும் அதே இரண்டு மணிகள்தாம். சாம்பல் நிறக் கழுத்துத் துணியின் முனையில் மெக்லாரன் குலத்தாரின் கட்டம் போட்ட துணித்துண்டு ஒன்றைத் தைத்து, அந்த நன்கொடையாளரை இன்றும் நினைவுகூர்கின்றனர்.

நம் நாட்டில் 1909-இல் பெங்களூரில் தொடங்கிய சாரணர் படை ஆங்கிலேயச் சிறுவருக்கே உரியதாயிருந்தது. இந்தியச் சிறுவருக்கு இடமில்லாத நிலையில், சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தனித்தனியே இயங்கிய சங்கங்கள் 1950 நவம்பர் 7-ஆம் நாள் ஒன்றிணைந்து 'பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ்' ஆயின. மறு ஆண்டில் சாரணியர் சங்கமும் வந்து சேர்ந்தது. இங்கே வுட் பேட்ஜ் 'ஹிமாலயா வுட் பேட்ஜ்' என்று வழங்குகிறது. தொடக்கப் பயிற்சி, அதற்கடுத்த உயர்பயிற்சி ஆகியவற்றை முடித்து, சொந்தப் படையில் பணியாற்றிய பிறகே அதற்குச் செல்ல இயலும். மத்தியப் பிரதேசத்தில், சாத்புரா மலையில் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள பச்மடியில் தேசியப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நம்மை அழைத்திருப்பதும் அங்கேதான்.

அங்கே என்ன நடக்கும்? தலைமை ஆசிரியராயினும், ஓய்வுபெற்ற இராணுவ வீரராயினும், பயிற்சிக்கு வருகிறவர் ஆறு, எட்டுப் பேர் கொண்ட ஓர் அணியில் ஒருவராகிவிடுவார். ஒரு நாள் அணித்தலைவர். மறுநாள் விறகு பொறுக்குபவர். அதற்கடுத்த நாள் பாத்திரம் துலக்குபவர். பிள்ளைகளுக்கு நாம் இடும் கட்டளைகள் அனைத்தும் அங்கே நமக்கு இடப்படும். பிள்ளையின் இடத்தில் நின்று பார்க்க வைப்பதே அப்பயிற்சியின் உட்பொருள்.

இதைப் பற்றித் தொடக்கப் பயிற்சியிலேயே கேட்டிருக்கிறோம். 'அணித்தலைவனிடம் உண்மையான பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்' என்று நம் குறிப்பேட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டும் வைத்திருக்கிறோம். ஆனால் செய்தோமா?

மூன்றாண்டுகளுக்கு முன் மலையடிவாரம் ஒன்றில் நம் படை பாசறை இட்டிருந்தது. நள்ளிரவில் பெருமழை. நனைந்த பருத்திக் கயிறு சுருங்கி முளைகளைப் பிடுங்கிவிடும். ஆகவே கயிறுகளைத் தளர்த்த வேண்டும். கூடாரங்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். நாமே மண்வெட்டியோடு கூடாரத்துக்குக் கூடாரம் ஓடினோம். பதினான்கு வயது அணித்தலைவன் ஒருவன் தானும் ஒரு மண்வெட்டியோடு வந்து நின்றான். "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று விரட்டினோம். அவன் சற்று நேரம் நனைந்தபடியே நின்றுவிட்டு உள்ளே போனான். ஊர் திரும்பியதும் பெற்றோர் நம்மைப் புகழ்ந்தார்கள். "எங்கள் பிள்ளைகள் நனையாமல் பார்த்துக்கொண்டீர்களே, சார்!" என்றார்கள். நாமும் மகிழ்ந்துபோனோம்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சிறுவன் தன் கழுத்துத் துணியை மடித்துக் கொண்டுவந்து நம் மேசைமேல் வைத்தான். காரணம் கேட்டோம். "எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லையே, சார்" என்றான். அவ்வளவுதான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பளியும் தட்டும் மூட்டைக்குள் போகுமுன் இந்த நினைவை எடுத்து வெளியே வைக்க வேண்டியிருந்தது. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆன்ம சோதனை செய்வது நமக்குத் தெரியும். பயிற்சிக்குச் செல்லுமுன்னும் அத்தகைய சோதனை ஒன்று வேண்டும் என்பதை இப்போதுதான் உணர்ந்தோம்.

ஆயத்தம் என்பதை நான்காகப் பிரித்துக்கொண்டோம். முதலாவது உடல். பச்மடியில் மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டும். மார்கழிக் குளிரில் கூடாரத்தில் படுக்க வேண்டும். ஆறு வாரங்களுக்கு முன்பே காலைத் திருப்பலி முடிந்ததும் நான்கு கிலோமீட்டர் நடக்கத் தொடங்கினோம். மருத்துவரிடம் காட்டி, உண்ணும் மாத்திரைகளின் பட்டியலை எழுதி வாங்கினோம். சென்னையிலிருந்து இட்டார்சி சென்று வண்டி மாறி, பிபரியாவில் இறங்கி, அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் செல்ல வேண்டும். ஆகவே நாமே தூக்கிச் சுமக்கக்கூடிய எடைக்கு மேல் ஒரு பொருளும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். தண்ணீர், உப்பு, நன்றி, மன்னிக்கவும் என்பன போன்ற இந்திச் சொற்கள் சிலவற்றையும் எழுதிக்கொண்டோம்.

இரண்டாவது கை. ஒரே பருமனுள்ள இரு கயிறுகளை இணைக்க ரீஃப் முடிச்சு. பருமன் வேறுபட்டால் ஷீட் பெண்ட். கம்பில் கட்டு போடத் தொடங்குவதற்குக் குளோவ் ஹிட்ச். ஆளைத் தூக்கி மீட்க, இறுகாத கண்ணி உடைய போலைன். பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லித் தருகிறோமே தவிர, நம் விரல்கள் பாதியை மறந்துவிட்டன. யாரிடம் கேட்பது? மிகவும் தயங்கிய பின், கழுத்துத் துணியைத் திருப்பித் தந்த அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே சென்றோம். இப்போது பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். "தம்பி, போலைன் முடிச்சு எனக்கு வரமாட்டேன் என்கிறது. சொல்லித் தருகிறாயா?" என்றோம். அவன் திகைத்துப்போனான். பிறகு திண்ணையில் அமர்ந்து, மாட்டுக் கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கற்பித்தான். மூன்று முறை தவறினோம். "அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டுங்கள், சார்" என்றான். பிள்ளைகளிடம் நாம் நாள்தோறும் சொல்லும் அதே சொற்கள்! விடைபெறும்போது, "அன்று மழையில் உன்னை உள்ளே விரட்டியது என் தவறு" என்றோம். அவன் கயிற்றைச் சுருட்டியபடியே, "பரவாயில்லை, சார்" என்றான்.

மூன்றாவது வீடு. வயதான தாயார், அரையாண்டுத் தேர்வு எழுதும் மகள், குடும்ப அட்டை, மின்கட்டணம் எல்லாம் நம் தலையில் இருப்பதாக எண்ணியிருந்தோம். எழுதிப் பார்த்ததில் முக்கால் பங்கு வேலை இல்லத்தரசியின் கணக்கில் இருந்தது. எஞ்சியதைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தோம். நியாயவிலைக் கடைக்குப் போகும் வேலையை எட்டாம் வகுப்பு படிக்கும் மகனிடம் தந்தபோது, "இத்தனை நாள் என்னை ஏன் விடவில்லை, அப்பா?" என்றான். பாசறையில் செய்த பிழையை வீட்டிலும் செய்துகொண்டிருந்தோம் என்பது அன்றுதான் தெரிந்தது.

நான்காவது மனம். அறியாததை அறியாததென்று ஒப்புக்கொள்ளும் பணிவு இல்லாதவருக்கு எந்தப் பயிற்சியும் பயன் தராது. பிள்ளைகளை நெருங்கிப் பழகுகிறவர்கள் அவர்களின் பாதுகாப்பைப் பற்றியும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. 2017-இல் பாக்கு நகரில் கூடிய உலகச் சாரணர் மாநாடு, பிள்ளைகளுக்குத் தீங்கு நேராமல் காக்கும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. 'நல்ல எண்ணத்தோடு செய்கிறோம், அது போதும்' என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்துவிட்டது, முடிந்ததும் நன்றே.

நம் திருச்சபையிலும் இப்பணிக்கு முன்னோடிகள் உண்டு. பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருவான ஜாக் செவின் அடிகளார், போருக்கு முன்பே இங்கிலாந்து சென்று இவ்வியக்கத்தை நேரில் கண்டறிந்தார். 1920-இல் பிரான்சின் கத்தோலிக்கச் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். 1923-இல் ஷமராந்து என்னுமிடத்தில் தலைவர்களுக்கான பயிற்சிப் பாசறையை நிறுவினார். பிள்ளைகளுக்கு நல்லது செய்ய விரும்புகிறவர்கள் முதலில் தாங்கள் கற்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரைத் தலைவராகக் கொண்ட நமக்கு, பாத்திரம் துலக்கும் ஏழு நாட்கள் இழிவாகத் தோன்றலாமா?

புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அணித்தலைவர்கள் நால்வரையும் அழைத்து, சாமான் அறையின் சாவியை அவர்கள் கையில் கொடுத்தோம். "நான் திரும்பி வரும்வரை படை உங்களுடையது. அடுத்த கூட்டத்தை நீங்களே தீர்மானியுங்கள். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்; உடற்பயிற்சி ஆசிரியர் வந்து உட்கார்ந்திருப்பார், அவரும் குறுக்கிடமாட்டார்" என்றோம். அவர்கள் வராந்தாவில் அமர்ந்து பேசினார்கள். முதலில் விளையாட்டு, பிறகு முதலுதவி என்று முடிவு செய்தார்கள். வரிசை தவறு, விளையாடிக் களைத்த பிள்ளைகள் பாடத்தில் மனம் செலுத்தமாட்டார்கள். வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டோம். அந்தத் தவறைச் செய்து பார்த்து அவர்களே திருத்திக்கொள்வார்கள். பச்மடிக்குச் செல்லுமுன் நாம் கற்ற கடினமான பாடம் அதுதான்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பங்கிலோ பள்ளியிலோ சாரணப் படை இருந்தால், அதை நடத்துகிறவரைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்; அவர் வீட்டைச் சில நாள் கவனித்துக்கொள்ளுங்கள். படை இல்லையென்றால், உங்களில் ஒருவர் ஏன் தொடங்கக்கூடாது? முடிச்சுப் போடத் தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். கற்பிப்பதற்குப் பிள்ளைகளே இருக்கிறார்கள்.

மூட்டை கட்டியாயிற்று. கம்பளியின் மடிப்பில் இல்லத்தரசி ஒரு செபமாலையை வைத்திருக்கிறார். பச்மடியில் பழைய கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டதும் வைத்தாராம். வண்டி ஏறக் கிளம்புகையில் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நமக்கு முடிச்சு கற்பித்த பிள்ளை. "சாமான் அறைச் சாவி அவர்களிடம் இருக்கிறதாமே, சார்? வெள்ளிக்கிழமை நானும் போய்ப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான்.

"அதை அவர்களிடம் கேள், தம்பி" என்றோம்.