பாடகர் ஏன் போர்வைக்குள் புகுகிறார்?

பிடித்த பழைய பாட்டுகள் பத்தை எடுத்துத் தன் குரலில் பாடி, வீட்டிலேயே ஆல்பமாகப் பதிவு செய்கிறார் ஒருவர். நல்ல மைக், நல்ல குரல். ஆனால் கேட்டுப் பார்த்தால் குளியலறையில் பாடியதுபோல இருக்கிறது. ஏன்?

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் மோதித் திரும்பிவர 9 மில்லி நொடிகூட ஆகாது. நேரில் கேட்டால், இரண்டு காதுகளின் துணையோடு மூளை அதை மூலக் குரலோடு இணைத்துவிடும். மைக்குக்கு இருப்பது ஒரே காது. முந்தி வந்ததும் பிந்தி வந்ததும் அதில் கலக்கும்போது, சில அதிர்வெண்கள் அழியும், சில எழும்பும். குரல் தகர டப்பாவாகிறது.

கனத்த போர்வை இங்கே கைகொடுக்கும். இழைகளுக்குள் நுழையும் காற்றதிர்வு உராய்ந்து, மிக நுண்ணிய வெப்பமாகி ஓய்கிறது. போர்வையைப் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். மைக்கின் முகம் அந்தப் பக்கம்தானே! முட்டை அட்டையை நம்பி ஏமாற வேண்டாம், மெல்லிய காகிதம் அதிகம் உறிஞ்சாது.

ஆணின் கீழ்ச்சுரங்கள் வேறு கதை. 112 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர், பத்தடி அறையின் அகலமே அவ்வளவுதான். சுவர்களுக்கிடையே அது நிலைகொண்டு, அறையின் நட்டநடுவில் 'கும்'மென்று முழங்கும். போர்வைக்கு அது அடங்காது. மைக்கை நடுவிலிருந்து இரண்டடி நகர்த்திப் பாடிப் பாருங்கள்.